வரதனுக்கு ஒரு த்ரீ நைன்

வாங்க டீச்சர், வாங்க. செருப்பை உள்ளயே விட்டுருங்க, வெளிய விட்டா இந்தச் சந்து நாய் தூக்கிட்டுப் போயிரும். உடுமலைல இருந்து உக்கடம், உக்கடத்துல இருந்து கணபதிக்கு இன்னொரு பஸ்ஸு, பாவம், வேர்த்துக் கொட்டுதே. ஃபேனுக்கு நேரா ஒக்காருங்க. ஏ பாப்பாத்தி, டீச்சர் வந்துட்டாங்க, காப்பி வை. சர்க்கரை போடலாமுங்களா? போடு, போடு.

ஆமாங்க, நான் ஹாம் ரேடியோ வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தது இந்தப் பழைய செட்டுதான். நாப்பத்திரெண்டாயிரம். அந்தப் பக்கம் கலர் ஸ்கிரீனோட இருக்குது பாருங்க, அது புதுசு. அது விக்கறதுக்கில்லீங்க. தொட்டுப் பாருங்க, பரவால்ல. போதுமுங்க.

புதுசு வாங்கறதா பழசு வாங்கறதான்னு ரெண்டு மாசமா மண்டையை ஒடைச்சுட்டு இருக்கறதா போன்ல சொன்னீங்க. லைசென்ஸ் வந்த எல்லாரும் ஒடைக்கறதுதான். நான் சொல்றேன் கேளுங்க. புதுசுன்னா வரியோட ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆகும். ரெண்டு வருசம் வாரண்டிம்பான். ஆனா ஏதாச்சும் ஒண்ணுன்னா பொட்டியக் கட்டி அனுப்பிட்டு மூணு மாசம் மோட்டு வளையப் பாத்துட்டு ஒக்காந்திருக்கோணும். பொட்டியப் பிரிச்ச நிமிசமே முப்பதாயிரம் போச்சு. அந்த முப்பதாயிரத்தை வேற ஒருத்தன் ஏற்கெனவே தொலைச்சிருப்பான், அதுதானுங்க பழசு. பழசு வாங்கறதுக்குக் காசு கம்மியாப் போதும், ஆனா மூளை ஜாஸ்தி வேணும். மூடியக் கழட்டி மூக்கை உள்ள விட்டு மோந்து பாக்கோணும். கருகல் வாடை அடிச்சா எந்திரிச்சு வந்துரோணும். ஸ்க்ரூ தலையெல்லாம் பாக்கோணும். தேஞ்சிருந்தா எவனோ உள்ள கைய விட்டிருக்கான்னு அர்த்தம். இது எல்லாத்தையும் விட முக்கியமா, விக்கறவனை ஒரு கேள்வி கேக்கோணும். ஏனுங்க விக்கறீங்க?

நீங்க கேக்கலை. எல்லாருக்கும் கேக்கக் கூச்சம். பரவால்ல, நானே சொல்றேன். வெலையை அப்புறம் பேசிக்கலாம், கொறைச்சே தரேன். அதுக்கு முன்னாடி ஒரு விசயம் இருக்குதுங்க. நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும். சின்ன ஒத்தாசைதான். கதையக் கேட்டா நீங்களே சரின்னுருவீங்க.

நான் மில்லுல எலெக்ட்ரீசியனுங்க, முப்பத்திநாலு வருசம். இந்தச் செட்டு மூணாவது கை. தூத்துக்குடில கப்பல் வயர்லெஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆன ஒருத்தர் வெச்சிருந்தாரு. அவரு ஒரு வெலை சொல்றதும், நான் ஒரு வெலை சொல்றதும், கடுதாசியும் போனுமா ரெண்டு வருசம் ஓடுச்சு. கடைசில அவரு சலிச்சுப் போயி, வந்து தூக்கிட்டுப் போய்யான்னாரு. பஸ்ஸுல மடில வெச்சுட்டு வந்தேன். விடிய விடிய கால் மரத்துப் போச்சு, கீழ வெக்கலை. இதா இந்தக் குமிழ் இருக்குது பாருங்க, அது குமிழ் இல்லீங்க, எங்கூட்டுக்காரி ஸ்வெட்டர்ல இருந்த பட்டனு. ஒட்டி வெச்சேன், பதினோரு வருசமா நிக்குது.

இந்தச் செட்டை வெச்சுட்டுத்தான் காலைல ஏழு மணி நெட்டை நடத்திட்டு வந்தேன். ஓசூர்ல இருந்து கும்பகோணம் வரைக்கும் இருவது பேரு ஒரே அலைல கூடிப் பேசுவாங்க. நான்தான் கன்ட்ரோல். யாரு மொதல்ல பேசோணும், யாரு நிறுத்தோணும், எல்லாம் நான் சொல்றதுதான். ஒம்பது வருசமா.

உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கோணும். நம்ம ஆளுக ரிப்போர்ட் குடுக்கறதுல ஒரு வழக்கம் இருக்குது. மொத நம்பர் தெளிவு, அஞ்சு வரைக்கும். ரெண்டாவது பலம், ஒம்பது வரைக்கும். ஆனா எவனும் காதுல கேட்டதைச் சொல்ல மாட்டான். வர்றவன் போறவனுக்கெல்லாம் ஃபைவ் நைன்தான். ஒரு மண்ணும் கேக்காது, ஓல்டு மேனை ஓஎம்னு சுருக்கி, 'ஓஎம், யூ ஆர் ஃபைவ் நைன், உங்க பேரை இன்னொருக்கா சொல்லுங்க'ம்பான். மரியாதைங்க. கல்யாணத்துல சாப்பாடு எப்படின்னு கேட்டா பிரமாதம்னு சொல்றமில்ல, அந்த மாதிரி.

நான் மட்டும் அப்படி இல்லீங்க. நான் கேட்டதைச் சொல்லுவேன். ஃபோர் செவன்னா ஃபோர் செவன்தான். மொதல்ல நாலு பேரு கோவிச்சுக்கிட்டாங்க. அப்புறம் பாத்தா, எவன் புதுசா ஏரியல் கட்டினாலும், எவன் மைக் மாத்தினாலும், மொதல்ல எங்கிட்டத்தான் வருவான். நாச்சிமுத்து ஓஎம் காது எங்கன்னு கேப்பான். அதுக்கு என்ன வெலை போடுவீங்க? புதுசா வாங்க முடியுமா, பழசா வாங்க முடியுமா? காசு இல்லாதவனுக்கு அது ஒண்ணுதானுங்க கௌரவம்.

இந்த நெட்டுல வரதராஜுலுன்னு ஒருத்தன். பக்கத்துத் தெருதான். அதே மில்லு, ஆனா ஆபீஸ்ல. என் வயசுதான். ஆறு வருசம் முன்னாடி சம்சாரம் தவறிட்டாங்க. பையன் சிங்கப்பூர்ல. வீட்ல பேச ஆளில்லைன்னு பரீச்சை எழுதி லைசென்ஸ் வாங்கினான். டிபன் டப்பா அளவுக்கு ஒரு செட்டு, தானே பத்தவெச்சுச் செஞ்சது, அஞ்சு வாட்டு. ஈனசுரத்துல கேக்கும். அப்பல்லாம் எனக்கு அவன் மேல ரொம்பப் பிரியமுங்க. எல்லாரும் சத்தம் போடாதீங்க, வரதன் பேசட்டும்னு நான்தான் வழி பண்ணிக் குடுப்பேன்.

பேசறதுன்னா என்ன பேசுவான்னு நெனைக்கறீங்க? சமையலுங்க! இன்னிக்கு வெண்டைக்காப் பொரியல் பண்ணினேன், வழவழன்னு போச்சு, யாராச்சும் வழி சொல்லுங்க, ஓவர். அவ்வளவுதான். ஓசூர் சம்பத்து மோர் ஊத்தச் சொல்லுவான், கும்பகோணத்துக்காரரு மூடாம வதக்கோணும்பாரு, ஒவ்வொருத்தனும் பொண்டாட்டியக் கேட்டுட்டு வந்து சொல்லுவான், இருவது நிமிசம் போயிரும். நான் சூரியப் புள்ளி கொறைஞ்சதுனால அலை எப்படி மாறுதுன்னு படிச்சு நோட்டுல எழுதிட்டு வந்து பேசுவேன். முடிச்சு ஓவர்னா, இந்தப் பக்கம் கொர்ருன்னு எரைச்சல்தான் கேக்கும். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். அப்புறம் எவனாச்சும், 'தேங்க் யூ நாச்சி ஓஎம். வரதா, நேத்து ரசம் என்னாச்சு?'ம்பான்.

பொறாமை இல்லீங்க. அப்பவும் பொறாமை இல்லை. டிபன் டப்பா செட்டுதான, போகட்டும்னு இருந்தேன்.

போன ஆனி மாசம் பையன் பணம் அனுப்பிச்சு இந்தப் புதுசு வந்துது. ஆமாங்க, இதேதான், அவன் வீட்டுக்கு வந்த செட்டு. நாச்சி வந்தாத்தான் பொட்டியப் பிரிப்பேன்னு ஒக்காந்துட்டு இருந்தான். போனேன். பொட்டிக்குச் சந்தனப் பொட்டு வெச்சிருக்கான். கத்தியை எங்கிட்டக் குடுத்து, நீ பிரிப்பா, உனக்குத்தான் தெரியும்னான். நான்தான் பிரிச்சேன். வெள்ளைத் தெர்மாகோலு, அதுக்குள்ள நொரை மாதிரித் துணி, அதுக்குள்ள இது. புதுச் செட்டுக்கு ஒரு வாசம் இருக்குதுங்க. பதினோரு வருசம் இந்தத் துறைல இருந்தும் அன்னிக்குத்தான் மோந்து பாத்தேன். எல்லாப் பொட்டியவும் அடுத்தவனே பிரிச்சு மோந்துட்டுத்தான நமக்குத் தர்றான்.

ஸ்கிரீன் மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கப் போனேன். வேண்டாம்ப்பா, இருக்கட்டும், புதுசாவே இருக்கட்டும்னான். கைய எடுத்துட்டேன். வெலை என்னடான்னு கேட்டேன். எனக்குத் தெரியாது, பையன் சொல்லலைன்னான். பாருங்க டீச்சர்! நான் ரெண்டு வருசம் கடுதாசி போட்டு வெலை பேசினவன். இவனுக்கு வெலையே தெரியாது! வயிறு எரிஞ்சுதுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? வீட்டுக்கு வந்து சோறு எறங்கலை. இந்தப் பாப்பாத்தி, என்ன, வரதண்ணன் சோறு போட்டு அனுப்பிச்சாரான்னு கேக்கறா.

மறுநாள் காலைல நெட்டுக்கு வந்தான். டீச்சர், நான் பொய் சொல்லலை, அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பக்கத்துல பாய் போட்டு ஒக்காந்து பேசற மாதிரி. அவன் மூச்சு வாங்கறது கேட்டுது. பின்னால அவன் வீட்டுக் குக்கர் அடங்கறது கேட்டுது. சம்பத்து ஃபைவ் நைன்னான். கும்பகோணம் ஃபைவ் நைன். எல்லாரும் ஃபைவ் நைன். அது கணக்கில்ல, எப்பவும் சொல்றதுதான். வரதன் சிரிச்சுட்டே, 'நீங்கல்லாம் சொல்லுவீங்கப்பா, எங்க நாச்சி காது என்ன சொல்லுது? ரிப்போர்ட் ப்ளீஸ், ஓவர்'ன்னான்.

மைக்கை அமுத்தினேன். த்ரீ நைன்னு சொல்லிட்டேன்.

பலம் இருக்குது, தெளிவு இல்லை, தகர டப்பாக்குள்ள பேசற மாதிரி இருக்குதுன்னேன். நெனைச்சு வெச்சுட்டுப் போகலீங்க. வாய்ல வந்துருச்சு. ரெண்டு நம்பர்தானுங்க, அதுலயும் ஒண்ணுதான் தப்பு.

அதுக்கப்புறம் நடந்தது இருக்குதே, அதுக்கு நான் பொறுப்பில்லை. அப்புறம் சம்பத்து வர்றான். 'ஆமா ஓஎம், நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன். லேசா டப்பா மாதிரித்தான் இருக்குது'ங்கறான். அஞ்சு நிமிசம் முன்னாடி ஃபைவ் நைன் குடுத்தவன்! கும்பகோணத்துக்காரரு, அடித் தொண்டை வரலைங்கறாரு. சேலத்துல ஒருத்தரு, இப்பத்தான் கவனிச்சேன்ங்கறாரு. இருவது பேருக்கும் கேட்டுருச்சுங்க, இல்லாத டப்பா! எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துது, நெசமாவே அப்படி இருக்குதோன்னு.

சாயங்காலம் வரதன் வீட்டுக்கு வந்துட்டான். என்னப்பா பண்ணலாம் நாச்சின்னு கேட்டான். அப்பவே சொல்லியிருக்கலாம். வெளயாட்டுக்குச் சொன்னேன்டான்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பான். ஆனா ஒம்பது வருசமாக் கேட்டதைத்தான் சொல்லுவேன்னு சொல்லிட்டு இருக்கறவன் வெளயாட்டுக்குச் சொன்னேன்னு எப்படீங்க சொல்றது? மைக்கா இருக்கும்னேன். வேற மைக் வாங்கினான். த்ரீ நைன். கேபிளா இருக்கும்னேன். மொட்டை மாடில இருந்து மொத்தக் கேபிளையும் மாத்தினான். நானும் கூட ஏறி மாத்திக் குடுத்தேன். த்ரீ நைன். எர்த்தா இருக்கும்னேன். அவன் வீட்டுப் பின்னால ரெண்டு பேருமாக் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டி, தண்ணி ஊத்தி, எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. அன்னிக்கு அவன் செஞ்ச கத்திரிக்காக் கொழம்பு அங்கதான் சாப்பிட்டேன். நல்லாத்தான் வெக்கறான், பாவி.

அதுக்கும் த்ரீ நைன்தானுங்களான்னு கேக்கறீங்களா? பின்ன? ஒரு குழியத் தோண்டினதும் சரியாயிருச்சுன்னு சொன்னா, நாளைக்கே அவன் மறுபடி ராசா ஆயிருவானில்ல.

ஒருநாள், உனக்குக் கேக்கறதை போன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புப்பா, நானே கேட்டுப் பாத்தர்றேன்னான். மறுநாள் நெட்டுல ரெக்கார்டு பண்ணினேன். ஸ்பீக்கர் மேல துண்டு கெடந்துது. நான் போடலீங்க, குளிச்சுட்டு வந்து அப்படியே போட்டது, கெடந்துது. எடுத்திருக்கலாம். எடுக்கலை. நாலா மடிச்சுக் கெடந்துது. அனுப்பிச்சேன். அதைக் கேட்டுட்டு போன் பண்ணினான். அய்யய்யோ, இவ்வளவு மோசமாவா கேக்குது, இத்தனை நாளு நீங்கல்லாம் எப்படிப்பா பொறுத்துக்கிட்டீங்கன்னான். இவ அன்னிக்கு ரூம்ல துணி மடிச்சுட்டு இருந்தா. துண்டைப் பாத்தா, என்னையப் பாத்தா. ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. இவளுக்கு ரேடியோவப் பத்தி என்னங்க தெரியும்?

அப்புறம் கம்பெனி ஆளு ஒருத்தரு வந்து பாத்தாரு. செட்டுல ஒரு கொறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் நெனைச்சேன், போச்சு, மாட்டினோம்னு. வரதன் வேற மாதிரி நெனைச்சான். செட்டு நல்லாருக்குது, மைக் நல்லாருக்குது, எர்த் நல்லாருக்குது, அப்ப கெட்டுப் போனது என் தொண்டைதான்னு முடிவு கட்டிட்டான். டீச்சர், சத்தியமா நான் அப்படிச் சொல்லலை. அவனாவே நெனைச்சுக்கிட்டான். உப்புத் தண்ணில கொப்புளிச்சான். மிளகு மென்னான். குளுந்த தண்ணிய விட்டான். நெட்டுல ஒரு நாள், 'என் கொரல் கேக்க உங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்கும், நான் கொஞ்ச நாள் கேட்டுட்டு மட்டும் இருக்கறேன். செவன்ட்டி த்ரீ'ன்னு விடை வாங்கிக்கிட்டான். அதோட பேச்சை நிறுத்திட்டான்.

ரெண்டு மாசம் கழிச்சு இந்தப் புதுச் செட்டைத் தூக்கிட்டு வந்தான். ஆட்டோல, மடில வெச்சுட்டு. பேசாதவனுக்கு எதுக்குப்பா இது, நீ வெச்சுக்க, உன் கைலதான் இருக்கோணும், குடுக்கறதைக் குடுன்னான். நான் அறுவதுன்னேன். சரின்னுட்டான். டீச்சர், நான் அறுவதுன்னதே ஆரம்பம்னுதான். அவன் எழுவத்தஞ்சும்பான், நான் அறுவத்தஞ்சும்பேன்னு நெனைச்சேன். ஒரு வார்த்தை பேசலை. வெலை பேசாம வாங்கினா ஒரு பொருள் நம்மளுது மாதிரியே இருக்காதுங்க.

அவன் தெரு திரும்பினதும் மொத வேலையா அந்தப் பிளாஸ்டிக் தாளை உரிச்சேன். சர்ருன்னு ஒரே இழுப்பு.

மறுநாள் நெட்டுல எல்லாரும், ஆஹா நாச்சி ஓஎம், என்ன சத்தம், என்ன தெளிவுங்கறாங்க. ஃபைவ் நைன், ஃபைவ் நைன் பிளஸ். பத்து நிமிசம் சந்தோசமா இருந்துது. பதினோராவது நிமிசம் சம்பத்து கேக்கறான், வரதனுக்குத் தொண்டை எப்படி இருக்குதுன்னு. அடுத்த நாள் கும்பகோணம் கேக்குது. தெனமும் கேக்கறாங்க. ஒருத்தன் அவனுக்காக பழனிக்கு வேண்டிக்கிட்டானாம்! நான் நல்லாப் பேசிட்டு இருக்கறேன், எனக்கு யாரும் வேண்டிக்கலை. முன்னாடி இருவது பேரு வந்தாங்க. இப்ப ஒம்பது, பத்து. வர்றவனும் ஒரு ரிப்போர்ட்டைக் குடுத்துட்டு, சோலி இருக்குதுன்னு போயர்றான். பேசும் போதும் அவன் பேச்சுத்தான், பேசாத போதும் அவன் பேச்சுத்தான். செட்டை வாங்கிட்டேன், இனி என்னத்தைங்க வாங்கறது அவங்கிட்ட?

காப்பி வந்துருச்சு, எடுத்துக்குங்க. ஆறிப்போயிரும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன செவ்வாக்கெழமை வரதன் போன் பண்ணினான். டாக்டர் மூக்கு வழியா டியூப்பு விட்டுப் பாத்தாராம். தொண்டைல ஒண்ணுமே இல்லையாம், முப்பது வயசு ஆளு தொண்டை மாதிரி இருக்குதுன்னாராம். இவன் எங்கிட்டக் கேக்கறான். நாச்சி, செட்டு உங்கிட்ட நல்லா வேலை செய்யுது. என் தொண்டையும் நல்லாருக்குதாம். அப்ப என்னதான்ப்பா கோளாறுன்னு. குத்தலாக் கேக்கலீங்க. நெசமாலுமே கேக்கறான். அவனுக்குக் குத்தலாப் பேசவே வராது.

நான் என்ன சொல்லட்டும்? வயசுப்பான்னேன். டாக்டர் கண்ணுக்குத் தெரியாது, எங்காதுக்குத் தெரியும், வயசுன்னேன். சரிப்பா, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னான். அதோட விட்டிருக்கலாமில்ல? விடலை. வர்ற ஞாயித்துக்கெழமை, அதாவது நாளைக்கு, அந்தப் பழைய டிபன் டப்பா செட்டை எடுத்து ஒரே ஒரு தடவை பேசிப் பாக்கறேன், என்னையத் தெரியாத புது ஆளு யாராச்சும் ஒருத்தர் வாயால ரிப்போர்ட் கேட்டுட்டு, அதுக்கப்புறம் ஏரியலைக் கழட்டிர்றேன்ங்கறான். புது ஆளு யாருன்னேன். உடுமலைல ஒரு டீச்சருக்கு லைசென்ஸ் வந்திருக்குதாம்ல, அவங்களைக் கேக்கறேன்னான்.

நீங்கதானுங்க.

இந்தப் பழைய செட்டை இன்னிக்கே எடுத்துட்டுப் போனீங்கன்னா நாளைக்குக் காலைல நீங்க நெட்டுல இருப்பீங்க. அவன் கேப்பான். நீங்க த்ரீ நைன்னு சொல்லிருங்க. அவ்வளவுதானுங்க ஒத்தாசை. டிபன் டப்பா செட்டுக்கு நைன்னு சொல்ல முடியாதே, த்ரீ ஃபோர்னு சொல்லுங்க. நம்பர் உங்க இஷ்டம். மொதல்ல மட்டும் த்ரீ இருக்கட்டும். உங்களுக்கு அவனை யாருன்னே தெரியாது, உங்களுக்கு என்னங்க நட்டம்? அவனுக்கும் நல்லதுதான், வயசான காலத்துல காலங்காத்தால தொண்டை கிழியப் பேசறது ஒடம்புக்கு ஆகுங்களா? நாப்பத்திரெண்டு சொன்னேன், உங்களுக்காக முப்பத்தேழு வெச்சுக்கலாம்.

என்னதுங்க?

ஒரு வருசமாவா? லைசென்ஸ் வர்றதுக்கு முன்னாடியே சின்ன ரேடியோ ஒண்ணு வெச்சுக் கேட்டுட்டு இருந்தீங்களா? எங்க நெட்டையா? இதைப் போன்ல சொல்லவே இல்லீங்களே.

வெண்டைக்காய் அன்னிக்குக் கேட்டீங்களா? அந்தப் புதுச் செட்டு வந்த மொத நாளும் கேட்டீங்களா? குக்கர் சத்தம் உங்களுக்கும் கேட்டுதா, உடுமலைலயா!

சரி. சரிங்க. அது உங்க ஏரியல் விசேசமா இருக்கும். மேட்டுல இருக்கறீங்க. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரியா கேக்கும்? முப்பத்தஞ்சு குடுங்க டீச்சர். அப்படிப் பாக்காதீங்க. முப்பது. பவர் சப்ளையும் தரேன், அதுவே ஆறாயிரம் பெறும். நீங்க வெலையே கேக்க மாட்டேங்கறீங்களே, நான் மட்டும் கொறைச்சுட்டே போனா எப்படி? இருவது. பஸ்ஸுல வேண்டாம், நானே டாக்ஸி புடிச்சு ஏத்தி விடறேன்.

சும்மா எடுத்துட்டுப் போங்க. காசே வேண்டாம். பதினோரு வருசம் புள்ளை மாதிரி வெச்சிருந்தேன், சும்மா எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு மட்டும் த்ரீன்னு ஒரு வார்த்தை.

எதுக்கு எந்திரிக்கறீங்க? காப்பி அப்படியே இருக்குது. வரதன் வீடா? வரதன் வீடு எதுக்குங்க இப்ப? நாளைக்கு ரேடியோல பேசிக்கலாமே. இல்லீங்க, அவன் இந்நேரம் தூங்குவான். ஏ பாப்பாத்தி, நீ எதுக்கு நடுவுல வர்றே? ரேசன் கடைய ஒட்டின சந்துல நாலாவது வீடுன்னு சொல்லச் சொல்லி உன்னைய யாரு கேட்டா? டீச்சர், இவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஏய், அடுப்பை அணைச்சுட்டு எங்க கெளம்பறே? 'வாங்க டீச்சர், நானே காட்டறேன்'னு நீ சொன்னா, அப்ப நான் யாருடி இந்த வீட்ல?

போங்க. போயிச் சொல்லுங்க. துண்டையும் சொல்லுங்க. நான் தடுக்கலை. ஒரே ஒரு நிமிசம் நில்லுங்க டீச்சர், வாசப்படில நின்னே சொல்லுங்க, போதும். ஒரு வருசம் எங்க எல்லாரையும் கேட்டிருக்கீங்க. நான் தெனமும் பேசியிருக்கறேன், பழைய செட்டுலயும் பேசியிருக்கறேன், இதுலயும் பேசியிருக்கறேன். என்னோட சத்தம் உங்களுக்கு எப்படீங்க இருந்துது? எல்லாரும் சொல்ற ஃபைவ் நைன் வேண்டாம். நெசமாச் சொல்லுங்க. அவன் அளவுக்கு இருந்துதுங்களா?